பாதி வழியில் ஒரு சார்ஜர்

ஆமை என்று அவனுக்குப் பெயர் வந்தது வண்டி ஓட்டும் லட்சணத்தால்தான். சைக்கிளில் போகிறவன்கூட அவனை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஆமை கண்டுகொள்ள மாட்டான். "போறவன் போகட்டும், நாம போய்ச் சேர்ந்தா போதும்" என்பான். பட்டப்பெயர் நிலைத்துப்போய், அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

மலைக்கு மேலே, கல்குவாரிக்காக ஒரு காலத்தில் கட்டிய குடியிருப்பில் அவன் வீடு. குவாரியை மூடினார்கள். அதில் வேலை பார்த்தவர்களை என்ன செய்வது என்று யோசிக்கத்தான் மறந்துவிட்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். நடுவில் ஈ காக்கை கிடையாது. பாதி வழியில் மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க், அதைத் தாண்டினால் ஒரு பெரிய ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் ஆளைத் தூக்கும் காற்று. செல்போனில் ஒரு கோடுகூட வராது.

வாரத்துக்கு மூன்று நாள் அந்த வழியில் ஆஸ்பத்திரி வேனை ஓட்டுவதுதான் அவன் உத்தியோகம். உள்ளே மூன்று பேர். மூவருக்கும் சிறுநீரகம் கைவிரித்துவிட்டது. ரத்தத்தை மிஷினில் விட்டு, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் ஏற்றினால்தான் அடுத்த இரண்டு நாள் உயிரோடு நடமாடலாம். ஒருவர் தையல்காரர், வண்டியில் உட்கார்ந்தபடியே பித்தான் தைப்பார். இன்னொருத்தி தபால்காரம்மா, தபால் ஆபீஸை மூடியே வெகுகாலம் ஆகியும் வீட்டுக்கு வீடு சேதி கொண்டுபோகும் பழக்கம் அவளை விடவில்லை. மூன்றாவது ஆள் ஆமையின் சொந்த அக்கா.

அக்கா சரியான வாயாடி. அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி ஆளாக்கினவள் என்பதால், நாற்பத்தைந்து வயதிலும் அவனை மூக்கு ஒழுகும் பையனாகத்தான் நடத்துவாள். "டேய், வண்டிய ஓட்டுறியா, தள்ளிக்கிட்டுப் போறியா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். ஆமை அதே வேகத்தில்தான் ஓட்டுவான். வேன் ஒரே ஒரு வாரம் ஓடாமல் நின்றால் இந்தக் குரல் இருக்காது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காலையில் சாவியைத் திருகும்போதெல்லாம் எஞ்சின் பிடிக்கும் சத்தம் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருப்பான்.

கீழே ஊரிலேயே குடியிருந்துவிட்டால் என்ன என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. அக்காவும் மாமாவும் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், கட்டில் போட்டால் கதவு திறக்காத ஒரு அறை. அதற்கு அவர்கள் கேட்ட வாடகையில் மேலே ஒரு குடும்பமே காலம் தள்ளலாம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேட்டரி வேன் வந்தது.

வெள்ளை வெளேரென்று, சத்தமே இல்லாமல் வந்து நின்றது. பழைய டீசல் வேன் கிளம்பினால் தெருக்கோடி வரை இருமும். இதுவோ பூனை மாதிரி நகர்ந்தது. முழுக்கச் சார்ஜ் போட்டால் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சமதரையில், வெயிலில், ஒற்றை ஆளோடு ஓட்டிப் பார்த்தானோ என்னவோ. ஏற்றத்தில் அந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. முதல் நாளே ஆமை ஒன்றைக் கவனித்தான். ஹீட்டரைப் போட்டதும், 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம்' என்று திரையில் காட்டும் எண் கண்ணெதிரே சரிந்தது. டீசல் வண்டியில் எஞ்சின் சூடே உள்ளே வந்துவிடும். இதில் சக்கரம் உருளவும் ஆள் குளிர் காயவும் அந்த ஒரே பேட்டரிதான் படியளக்க வேண்டும்.

சார்ஜ் போடும் இடம் ஆஸ்பத்திரி வளாகத்தில் மட்டும்தான் இருந்தது. குடியிருப்பில் வரும் மின்சாரம் பல்பையே முனகவைக்கும். பாதி நாள் அதுவும் இருக்காது. ஆமை வீட்டுச் சுவர் பிளக்கில் விடிய விடியப் போட்டாலும் ஏறுவது நாக்கு நனைக்கத்தான் காணும். ஆக, கீழே நிரப்பிய சார்ஜிலேயே மலையேறி வீடு வந்து, மறுமுறை அதே சார்ஜில் இறங்கவும் வேண்டும்.

போக்குவரத்துப் பிரிவு அதிகாரி மேலே வந்தார். சின்ன வயசுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, காலில் சேறு. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தச் சொல்லிவிட்டு, ஆமையிடம் பேசினார்.

"ஒரு மாசம் சோதனை ஓட்டம், அண்ணே. எவ்வளவு தூரம் ஓடுது, வீட்டுக்கு வரும்போது எவ்வளவு சார்ஜ் மிச்சம்னு இந்தப் பெட்டியே எழுதி அனுப்பிடும். அது வரைக்கும் டீசல் வண்டியும் இங்கதான் நிக்கும். நீங்க உள்ளபடி ஓட்டுங்க. எதையும் மறைக்க வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்றான் ஆமை.

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்ட காதுதான் வேறு.

அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று ஒருமுறை எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்றார்கள். கூரையைப் பார்க்க வந்தவர்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனார்கள். தபால் ஆபீஸ் கதையும் அதேதான். வாயைத் திறந்தால் உள்ளதும் போகும் என்று எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. கீழேயிருந்து யார் வந்து என்ன கேட்டாலும் சிரித்தமுகமாகத் தலையாட்டி அனுப்பிவிடுவது என்று பழகியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் கூட்டம் கூடியது. அடுப்புக்குப் பக்கத்தில் தையல்காரர், தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்ந்தபடி தபால்காரம்மா, வாசற்படியில் ஆமை.

"மறைக்காதீங்கன்னு சொல்லிச்சாம்" என்றாள் தபால்காரம்மா. "எதுக்குச் சொல்லும்? வண்டி நடுவழியில நின்னுச்சுன்னா, இந்த ரூட்டு நமக்குக் கட்டுப்படியாகாதுன்னு மூட்டை கட்டத்தான்."

"பஸ்ஸுக்கும் இப்படித்தான் ஒருத்தர் நோட்டு எடுத்துக்கிட்டு வந்தார்" என்றார் தையல்காரர்.

"அப்ப நிக்கக் கூடாது" என்றாள் அக்கா. "டேய், நிக்காம ஓட்டிடுவியா?"

"ஹீட்டர் போடலைன்னா ஓட்டிடலாம்க்கா."

"அவ்வளவுதானே? போர்த்திக்கிட்டு உட்காந்தா ஆச்சு. நாங்க என்ன வெண்ணெயா, உருகிப்போறதுக்கு?"

"குளிர்ல எந்த வெண்ணெய் உருகும்?" என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவாகிவிட்டது.

அந்த ஒரு மாதம் ஆமை வண்டி ஓட்டிய அழகைச் சொல்லி மாளாது. டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்தான். கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தான். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், சக்கரம் உருளும் வேகத்திலேயே பேட்டரிக்குக் கொஞ்சம் ஏற விட்டான். காய்கறி லாரி ஏதாவது அகப்பட்டால் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு எதிர்க்காற்றை ஏமாற்றினான். ஆஸ்பத்திரியில் சார்ஜ் வயரைப் பிடுங்கும் முன்பே ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடாக்கிவிடுவான். அந்தச் சூடு பெட்ரோல் பங்க் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கப்புறம் கம்பளிதான்.

தையல்காரர் தன் பங்குக்கு ஆளுக்கொரு கம்பளிப் பையைத் தைத்துக் கொடுத்தார். கழுத்து வரை நுழைந்துகொண்டு கயிற்றை இழுத்துக்கட்டிக்கொள்ள வேண்டியது. அதில் நுழைந்தபின் மூன்று பேரும் மூன்று மூட்டையாகத்தான் தெரிவார்கள். "நம்ம வண்டி ஆள் ஏத்தறதா, லக்கேஜ் ஏத்தறதான்னு போலீஸ் கேக்கப்போறான்" என்பாள் அக்கா. ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வந்தபிறகு உடம்பில் சூடே தங்காது. பற்கள் தந்தியடிக்கும். அதையும் ஒருவரையொருவர் கேலி செய்தே ஓட்டினார்கள்.

நடுவில் ஒருநாள், வண்டி குடியிருப்புக்குள் நுழைந்து நின்ற நேரத்தில், மேடம் போன் செய்தார்.

"ஹீட்டர் எல்லாம் போட்டுத்தானே ஓட்டறீங்க, அண்ணே? அதைப் பெட்டி சொல்லாது. நீங்கதான் சொல்லணும்."

ஆமை திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா மூட்டைக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள்.

"போட்டுத்தான் ஓட்டறேன் மேடம்."

"யாருக்கும் குளிரலையே?"

"இல்லீங்க மேடம். கதகதன்னு இருக்கு."

போனை வைத்ததும் தபால்காரம்மா, "கதகதன்னா? அந்த வார்த்தை எங்கடா கத்துக்கிட்ட?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆமைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எந்த வண்டியையும் வழியில் நிறுத்தாதவன் என்ற பெயரை இந்தப் பூனையும் கெடுக்கவில்லை.

மாதம் முடிந்தது. மேடம் மறுபடி வந்தார். கையில் கம்ப்யூட்டர் அச்சடித்த தாள், முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம், கொஞ்சம் ஏமாற்றம். அந்த ஏமாற்றம் ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

"ரொம்ப நல்லா ஓடியிருக்கு" என்றார். "வீட்டுக்கு வரும்போது பாதிக்கு மேல சார்ஜ் மிச்சம் இருக்கு. இறங்கிப் போயும் கொஞ்சம் மிஞ்சுது. இவ்வளவு வரும்னு நான் நினைக்கவே இல்ல."

உச்சி குளிர்ந்துபோய் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூட்டு தப்பித்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது.

முதலில் டீசல் வேனை ஏலத்தில் விட்டார்கள். பேட்டரி வண்டியே தாராளமாகப் போதும்போது அது எதற்கு? அடுத்து ஒரு உத்தரவு வந்தது. மிஞ்சுகிற சார்ஜ் வீணாகாமல் இருக்க, பக்கத்துச் சரிவில் இருக்கும் இன்னொரு குடியிருப்புக்கும் போய் அங்கிருக்கும் ஒரு நோயாளியையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். போக வர அதற்குத் தனியாக ஒரு சுற்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அது இதுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்துக் காட்டினார்கள். அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

புதிதாக ஏறியவன் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரன். ஏறிய முதல் நாளே அக்கா அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். பாவம், நல்லவன். தன்னால்தான் எல்லோருக்கும் இந்தக் கூடுதல் சுற்று என்று தெரிந்து ஒடுங்கி உட்கார்ந்திருப்பான். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவனுக்கும் அந்த மிஷின்தானே கதி?

அப்புறம் குளிர்காலம் உண்மையாகவே வந்தது. சோதனை நடந்த மாதத்தில் இருந்தது குளிரே அல்ல, அதன் நிழல் மட்டும்தான் என்று தெரிந்தது. குளிர் ஏற ஏறப் பேட்டரி சுருண்டது. ஹீட்டரைத் தொடாமலே எண் சரிந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொண்ட சூடு இரண்டாவது திருப்பத்திலேயே காலியானது. கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்று படிந்து உறைந்துபோக, ஆமை ஒரு கையால் அதைச் சுரண்டிக்கொண்டே ஓட்டினான். வண்டி மட்டும் நிற்கவில்லை. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்துவிடுவான். சேர்ந்துவிட்டது என்று பெட்டியும் எழுதிக்கொண்டே இருந்தது.

தையல்காரருக்கு முதலில் இருமல்தான் வந்தது. பித்தான் தைப்பதை நிறுத்தினார். கை நடுங்குகிறது என்றார். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஒருநாள் மிஷினிலிருந்து எழுந்தவரை வேனுக்கு அனுப்பாமல் படுக்கையில் போட்டார்கள். போகும்போது ஆமையைக் கூப்பிட்டு, "என் கம்பளிப் பையை உங்க அக்காவுக்குக் குடுத்துடு. ரெண்டாப் போட்டுக்கட்டும்" என்றார். ஒரு வாரம் கழித்து அதே வேனில், சீட்டைக் கழற்றிய இடத்தில் படுக்கவைத்து அவரை மேலே கொண்டுவந்தான். நிமோனியா என்று இறப்புச் சான்றிதழில் எழுதியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்த அன்று ஆமை அக்காவின் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"நான்தான்க்கா கொன்னுட்டேன்."

"நீ என்னடா பண்ணின? போர்த்திக்கிட்டு உட்காரலாம்னு நான்தானே சொன்னேன்" என்றாள் அக்கா. அவள் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "போய் அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதச் சொல்லிடு. ரூட்ட நிறுத்தினா நிறுத்தட்டும். இப்படி ஒவ்வொருத்தராப் போறதுக்கு அது பரவாயில்ல."

மேடத்தின் அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க வண்டிச் சாவிகள் தொங்கும் பலகை. மேஜைக்கு அடியில், அவர் காலடியில் ஒரு சின்ன ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஆமையின் கண் அதன்மேல் போனதைப் பார்த்துவிட்டு, அவர் அதைக் காலாலேயே அவன் பக்கம் தள்ளினார். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் அந்த அச்சடித்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"அந்த மூடின பெட்ரோல் பங்க்ல ஒரு சார்ஜர் போடணும்னு நான் போராடிக்கிட்டு இருந்தேன், அண்ணே" என்றார். "வண்டி தாங்கலைன்னு சோதனைல வந்திருந்தா போட்டிருப்பாங்க. அதுக்குத்தான் அந்தச் சோதனையே. நீங்க தாராளமா ஓடுதுன்னு காட்டினதும் அந்தச் சார்ஜர் வேற ரூட்டுக்குப் போயிடுச்சு."

ஆமை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"கிடைக்கும்னு உறுதி இல்லாதத எப்படிச் சொல்ல? முன்னாடியே சொல்லிட்டா, வேணும்னே வண்டிய நிறுத்தினீங்கன்னு வேற சொல்லுவாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, கண்ணுக்குள் தூசியா, தெரியவில்லை. "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. குளிருதுன்னு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. கேட்டாரே. யாருக்கும் குளிரலையே என்று வாய்திறந்து கேட்டாரே.

கடைசியில் மேடமே ஒரு வழி சொன்னார். இன்னும் ஒரே ஒரு சார்ஜர் யாருக்கும் ஒதுக்காமல் இருக்கிறது. இந்த மாதக் கமிட்டியில் அதை முடிவு செய்துவிடுவார்கள். அதற்கப்புறம் அடுத்த வருஷம்தான். அதற்குள் ஒரு மறுசோதனைக்கு அவர் அனுமதி வாங்கலாம், ஒரே ஒரு ஓட்டத்துக்கு.

"ஹீட்டரை முழுசாப் போடுங்க. எல்லாரும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க. ஏத்தத்துல கண்டிப்பா நின்னுடும். நிக்கட்டும். வழியில நின்னுச்சா, வீடு போய்ச் சேர்ந்துச்சான்னு மட்டும்தான் கமிட்டி பார்க்கும். அது போதும் எனக்கு."

"ஆள் இல்லாம ஓட்டிக் காட்டட்டுமா மேடம்?"

"காலி வண்டி ஓட்டத்தைக் கமிட்டி ஒத்துக்காது. நோயாளிங்க ஏறி இறங்கினது பதிவாகணும்." அவர் குரல் தாழ்ந்தது. "எனக்கும் இது பிடிக்கல. இழுவை வண்டியையும் ஒரு ஆம்புலன்ஸையும் கீழ தயாரா வெச்சிருப்பேன். உச்சியில சிக்னல் கிடையாது. அதனால ஏழு மணிக்குள்ள வீட்டுலேர்ந்து உங்க போன் வரலைன்னா, நின்னுடுச்சுன்னு எடுத்துக்கிட்டு உடனே அனுப்பிடுவேன். மேல வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். தாங்குவாங்களா?"

அவர்களையே கேட்டுச் சொல்வதாக ஆமை சொன்னான். வீட்டில் போய்க் கேட்டபோது அக்காதான் முதலில் சொன்னாள்.

"நிக்கட்டும்டா. ஒரு நாள் ரெண்டு மணி நேரம் குளிர்ல இருந்தா செத்தா போயிடுவோம்? இத்தனை நாள் இருந்ததவிடவா?"

தபால்காரம்மா சரி என்றாள். சோடாபுட்டி, தன் பக்கத்தில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம் என்றான். உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு மனதாக ஒத்துக்கொண்டார்கள்.

மறுசோதனை நாளன்று பிற்பகல், ஆஸ்பத்திரி வாசலில் மேடம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இழுவை வண்டியும் ஆம்புலன்ஸும். ஆமை ஹீட்டரைக் கடைசிவரை திருகிவிட்டு வண்டியை எடுத்தான்.

சூடு வந்தது. அந்த வேனில் அப்படி ஒரு சூடு அதுவரை இருந்ததே இல்லை. முதலில் கால்விரல், பிறகு முழங்கால், பிறகு முதுகு என்று மெல்ல மெல்ல ஏறியது. தபால்காரம்மா கம்பளிப் பையின் கயிற்றை அவிழ்த்தாள். சோடாபுட்டியின் கண்ணாடி பனித்துப்போக, அவன் அதைக் கழற்றித் துடைத்தபடி குருட்டுச் சிரிப்பு சிரித்தான். அக்கா காலுறையைக் கழற்றிவிட்டுப் பாதத்தை ஹீட்டர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அடேயப்பா, இதுக்குப் பேர்தான் வண்டியா?" என்றாள். "இத்தனை நாளா இத வெச்சுக்கிட்டா எங்கள ஐஸ்பெட்டில கூட்டிக்கிட்டுப் போன?"

ஆமை சிரித்தான். தையல்காரர் ஒரு நாளாவது இந்தச் சூட்டில் வந்திருக்கலாம் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றது. மற்றவர்களைப் போல வேகமாக ஓட்டினான். கை கூசியது. சரிவுக் குடியிருப்புச் சுற்றுக்கு வேண்டியதும் சேர்த்து, எண் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். இருபது வருஷமாக டீசல் முள்ளையே பார்த்துப் பழகிய கண் கேட்கவில்லை.

பெட்ரோல் பங்க் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கண்ணாடியில் ஈரப்பனி அடிக்கத் தொடங்கியது. திரையில் காட்டிய எண், வீட்டுக்கு இருக்கும் தூரத்தைவிடக் குறைந்திருந்தது. இங்கிருந்து ஹீட்டரை அணைத்து, தன் வழக்கப்படி ஓட்டினால் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். ஏற்றத்தில் பாதி ஏறியபிறகு அணைத்துப் புண்ணியமில்லை. இந்த இடம்தான். அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. மூன்று பேரும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. தபால்காரம்மா கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். காற்று வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்தது.

"டேய்" என்றாள் அக்கா.

"என்னக்கா."

"எனக்குப் பயமா இருக்குடா."

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, "சரி, மேல சொல்லுங்க" என்றுதான் சொன்னாள்.

"ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டேன்டா. தலை சுத்துது. வீட்டுக்குப் போயிடலாம்."

ஆமை கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். காய்ந்த உதடு, மிஷின் உறிஞ்சி எடுத்த கன்னம். வண்டி நின்றால் சார்ஜர் வரும். வருவதற்குள் இவள் இருப்பாளா? வண்டி நிற்காவிட்டால் இன்றைக்கு இவள் வீட்டுக்குப் போவாள். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பாக்கி இருக்கிறது, அதற்கடுத்த குளிர்காலமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. யோசிக்க யோசிக்க வண்டி ஏற்றத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று தபால்காரம்மாவோ, சோடாபுட்டியோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்களுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆமை கையை நீட்டி ஹீட்டரை அணைத்தான். அணைத்ததும் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரில் லேசாகிவிட்டது, உடம்பு தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவன் ஓட்டியதைப் போல அந்த மலையில் யாரும் எந்த வண்டியையும் ஓட்டியிருக்க மாட்டார்கள். காற்று வரும்போது குனிந்து கொடுத்து, காற்று விடும்போது ஒரு மூச்சு ஏறி, உச்சியைத் தாண்டி, இறக்கத்தில் சொட்டுச் சொட்டாகச் சார்ஜைப் பொறுக்கி, சரிவுக் குடியிருப்பில் சோடாபுட்டியை இறக்கிவிட்டு, விளக்கு எரியும் தன் தெருவுக்குள் வந்து நிறுத்தினான்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். கதவைத் திறந்து அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கினார். "வந்துட்டியா, நல்லவேளை" என்றார். அக்கா அவர் தோளில் சாய்ந்தபடி அழுதாள். ஆமையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி ஏழாகக் கொஞ்சம் இருந்தது. போன் செய்யாவிட்டால் அவர்கள் இழுவை வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஒரு கணம், செய்யாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தான். பெட்டி இதற்குள் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரலால் எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே யாரும் ஹலோ சொல்லவில்லை. போன் அடித்ததிலேயே எல்லாம் தெரிந்துபோயிருந்தது.

"வீட்டுக்கு வந்துட்டோம் மேடம்" என்றான்.

மேடம் சார்ஜைப் பற்றிக் கேட்கவில்லை.

"எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க மேடம்."

"நான் வண்டி போதும்னுதான் எழுதணும், அண்ணே. வேற எதுவும் எழுத முடியாது."

"தெரியும் மேடம். எழுதுங்க."

அவர் இழுவை வண்டிக்காரரிடம், "நீங்க போகலாம்" என்று சொல்வது போனில் கேட்டது. ஆமை போனைப் பைக்குள் போட்டான். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, பழைய அதட்டலோடு, ஆனால் மெல்லிசாக.

"டேய், நாளன்னைக்குக் கிளம்பணும். சார்ஜ் போட்டியா, இல்லையா?"

"போடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, வயரை எடுத்துவந்து சுவர் பிளக்கில் சொருகினான். கரண்ட் இல்லை. வருமா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான்.